மே விடுமுறைக்குக் குமரிக் கடற்கரைகள்: எங்கே குளிக்கலாம், எங்கே பார்த்தால் போதும்?

மதுரைமல்லி

வணக்கம். மே மாதம் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கன்னியாகுமரி பக்கம் வருகிறோம். நானும் வீட்டுக்காரரும், ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிற பிள்ளைகள், அப்புறம் என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. படி ஏறுவதும் மணலில் நெடுநேரம் நடப்பதும் சிரமம். ஆனால் கடல் என்றால் அவருக்கு உயிர். விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை எல்லாம் முன்பே பார்த்துவிட்டோம். 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்களே, அந்தக் கண்ணாடிப் பாலத்தை மட்டும் பிள்ளைகள் கேட்கிறார்கள். மற்றபடி இந்த முறை கூட்டத்தில் நசுங்காமல் மேற்குப் பக்கக் கடற்கரைகளைப் பார்க்க ஆசை.

சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், லெமூர், தேங்காய்ப்பட்டணம் என்று பல பெயர்கள் கண்ணில் படுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ‘அழகான கடற்கரை’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்க எது நல்லது? அத்தை உட்கார்ந்து பார்க்க எது வசதி? சூரியன் கடலில் இறங்குவதை எங்கே பார்க்கலாம்? ஊர்க்காரர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வடசேரி வாசி

வாங்க வாங்க. முதலில் தங்குவது பற்றி. ஒரு இரவு மட்டும் குமரியில் தங்கி, காலையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, மீதி நாட்களுக்கு நாகர்கோவிலுக்கு வந்துவிடுங்கள். நீங்கள் எழுதிய எல்லாக் கடற்கரைகளுக்கும் நாகர்கோவில்தான் நடு. சொத்தவிளையும் சங்குத்துறையும் அரை மணி நேரம், முட்டம் முக்கால் மணி நேரம். தேங்காய்ப்பட்டணம் மட்டும் மேற்கே தள்ளி இருக்கிறது, அதற்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். பஸ்ஸில் போவதென்றால் கடலோர ஊர்களுக்கெல்லாம் அண்ணா பேருந்து நிலையத்தில் ஏற வேண்டும். அத்தை வருகிறார் என்றால் காரே நல்லது.

கண்ணாடிப் பாலத்துக்கு ஒரு வார்த்தை. பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளம். பாலம் வந்த பிறகு படகுத்துறை வரிசை முன்பைவிட நீளம், விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். சூரிய உதயம் பார்த்த கையோடு படகுத்துறைக்குப் போய் நின்றுவிடுங்கள். கடல் சரியில்லை என்றால் படகை நிறுத்திவிடுவார்கள், அதற்கும் தயாராக வாருங்கள். படகில் ஏறி இறங்குவதும் பாறையில் படி ஏறுவதும் அத்தைக்கு ஒத்துவராது. அவரைக் காந்தி மண்டபத்துப் பக்கம் நிழலில் உட்கார வைத்துவிட்டு, கூட ஒருவர் இருங்கள்.

கருங்கல் டீச்சர்

அஸ்தமனத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பலர் ஏமாந்து போகிற இடம் இது.

குமரி முனையில் சூரிய உதயம் வருடம் முழுக்கக் கடலில் தெரியும். அஸ்தமனம் அப்படி இல்லை. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்மேற்கில் இறங்கும், அப்போது முனையில் நின்றாலே கடலுக்குள் போவதைப் பார்க்கலாம். மே மாதம் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே நகர்ந்திருக்கும். குமரியிலிருந்து முட்டம் வரை நம் கரை ஏறக்குறைய நேர் மேற்காக ஓடுகிறது. அதனால் மே மாலையில் முனையில் நிற்கிறவருக்குச் சூரியன் கரைப் பக்கம், தென்னைகளுக்கும் மேட்டுக்கும் பின்னால்தான் மறையும். சொத்தவிளையிலும் கிட்டத்தட்ட அதே கதை.

முட்டம் தாண்டியதும் கரை வடமேற்காகத் திரும்புகிறது. அங்கிருந்து கடியபட்டணம், மண்டைக்காடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம், நீரோடி வரை எந்த மாதம் போனாலும் சூரியன் கடலில்தான் இறங்கும். ஆக, உதயத்துக்குக் குமரி, அஸ்தமனத்துக்கு முட்டமோ அதற்கு மேற்கோ. ‘குமரியில் இரண்டும் பார்க்கலாம்’ என்று எழுதுகிறவர்கள் மாதத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

குளச்சல்காரன்

அக்கா, நான் குளச்சல். கடல் தொழில் செய்கிற வீடு. நீங்கள் மே மாதம் என்றும், பிள்ளைகள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றும் எழுதியதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் லெமூர். கணபதிபுரம் பக்கத்தில் இருக்கிறது. 2024 மே 6ஆம் தேதி பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அங்கேதான் அலையில் போனார்கள். எல்லோரும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. அந்தக் கடற்கரையை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கள்ளக்கடல் எப்படி வருகிறது என்று உள்ளூரைத் தாண்டிப் பலருக்குத் தெரியாது. நமக்குத் தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும். அங்கே கிளம்புகிற நீண்ட அலை சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். திடீரென்று தண்ணீர் வழக்கமான கோட்டைத் தாண்டி மணலில் ஏறி வரும், வந்த வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஏப்ரல், மே மாதங்களில் இது அடிக்கடி வருகிறது. நீங்கள் வருகிற நேரமே அதுதான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே சொல்கிறது, மாவட்ட நிர்வாகமும் செய்தியில் அறிவிக்கும். கிளம்புகிற அன்று காலையில் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கால் நனைப்பதுகூட வேண்டாம். மேட்டில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது இழுப்பு. இது எச்சரிக்கை இல்லாத நாளிலும் உண்டு. அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாகச் சேர்ந்து ஆறு மாதிரி வெளியே ஓடும். கரையில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் தெரியும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவே ஓரிடத்தில் மட்டும் உடையாது. அங்கே தண்ணீர் கொஞ்சம் கறுத்து, அமைதியாக இருக்கும், நுரையும் கலங்கல் மணலும் வெளியே நகர்ந்துகொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் ‘இங்கேதான் அலை இல்லை’ என்று சரியாக அந்த இடத்தில் இறங்குகிறார்கள். பார்க்கிற எங்களுக்கு வயிறு கலங்கும்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் தோற்றுவிடுவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, அப்புறம் அலையோடு கரைக்கு வர வேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் கத்த வேண்டும். இழுப்பு நம்மை ஆழத்துக்கு அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அது கொஞ்ச தூரத்தில் தளர்ந்தும் விடும். கரையில் நிற்கிறவர்கள் பதறிக் குதிக்காதீர்கள். காலி கேன், டயர் ட்யூப், கயிறு, எது மிதக்குமோ அதை எறிந்துவிட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் போன வீடுகள் எங்கள் கரையில் நிறைய உண்டு.

தேரூர் குளக்கரை

அண்ணாச்சி சொல்வது எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த அம்மாவை ரொம்பப் பயமுறுத்திவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. சொத்தவிளையில் நாங்கள் சின்ன வயதிலிருந்தே குளிக்கிறோம். கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளக் கரை. ஆழம் மெதுவாகத்தான் கூடும், பாறையும் கிடையாது. பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நிழற்குடையும் பார்வைக் கோபுரமும் இருக்கின்றன. காலையில் போனால் கூட்டமும் குறைவு.

குளச்சல்காரன்

தம்பி, சொத்தவிளை மற்ற இடங்களைவிட மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ‘ஆழம் மெதுவாகத்தான் கூடும்’ என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தாது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடியில் கடல் கரை மணலை அள்ளிக்கொண்டு போகும், பனிக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். ஆகஸ்டில் செங்குத்தாக இறங்குகிற அதே கரை பிப்ரவரியில் சரிவாக, அகலமாக இருக்கும். மே மாதத்தில் அது எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்கள் அந்தக் கரையில் வளர்ந்தவர், தண்ணீரைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். மதுரையிலிருந்து வருகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது.

அதனால் அக்கா, எந்தக் கரைக்குப் போனாலும் வலை பின்னிக்கொண்டோ சும்மா உட்கார்ந்தோ இருக்கிற பெரியவர் ஒருவரிடம், ‘இன்றைக்கு இறங்கலாமா?’ என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். இறங்கலாம் என்றாலும் பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழம் போதும், பெரியவர் ஒருவர் அவர்களுக்குக் கடல் பக்கமாக நிற்க வேண்டும்.

தேரூர் குளக்கரை

சரி அண்ணாச்சி, முழங்கால் ஆழம் என்பதில் எனக்கும் சண்டை இல்லை.

ஈத்தாமொழித் தென்னை

மல்லி அக்கா, அத்தைக்குச் சங்குத்துறைதான். வண்டி மணலுக்குப் பக்கம் வரை போகும். இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். பெரிய தூணும் சங்கும் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அங்கேயே ஓடி விளையாடும். மாலையில் உள்ளூர்க் கூட்டம் வரும், ஞாயிற்றுக்கிழமை என்றால் நிறையவே வரும். வேலை நாளில் போங்கள். குளிக்க நான் சொல்ல மாட்டேன். அலை அங்கே கொஞ்சம் ஓங்கி அடிக்கும்.

நான் இன்னொன்றும் சொல்வேன். விடியற்காலையில் சங்குத்துறையிலிருந்து ராஜாக்கமங்கலம் துறை வரை எங்கேயாவது கரமடி இழுக்கிறார்களா என்று பாருங்கள். கிடைத்தால் விடாதீர்கள். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்து இழுப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் வரிசையாக நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஒரே சத்தத்துக்கு ஒரே அடியாகப் பின்னால் நகர்வார்கள். வரிசையின் கடைசியில் இருக்கிறவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரோரம் முதல் ஆளாக மறுபடி கயிற்றைப் பிடிப்பார். இப்படியே மணிக்கணக்கில். மடி கரைக்கு நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். மேலே காக்கையும் பருந்தும் சுற்றத் தொடங்கும். மடியைத் திறந்தால் நெத்திலி, சாளை, நடுவே ஒன்றிரண்டு கணவாய். சில நாள் வெறும் சொறிமீனும் பாசியும்தான். அப்படி வருகிற நாளில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள், நாமும் போட்டோ எடுக்காமல் இருப்பது நல்லது. நல்ல பாடு என்றால் அங்கேயே ஏலம் நடக்கும், கையில் பணம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் கயிறு பிடிக்கக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

மதுரைமல்லி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குளச்சல் அண்ணன் எழுதியதை வீட்டுக்காரரும் படித்துவிட்டார், லெமூரை எடுத்தாயிற்று. இன்னும் சில கேள்விகள். முட்டம் பாறைகள் மேல் ஏறலாமா? அத்தை மண்டைக்காட்டு அம்மனைப் பார்க்க வேண்டும் என்கிறார், அங்கே கடலும் பக்கமா? வட்டக்கோட்டை என்று ஒன்று சொல்கிறார்களே, அது போகத் தகுந்ததா? அப்புறம் என் பெரியவன் கலர் மணல் எங்கே கிடைக்கும் என்று நச்சரிக்கிறான்.

மணவாளக்குறிச்சி மணல்

கலர் மணலுக்குச் சொந்த ஊர்க்காரன் நான்தான், தம்பிக்கு நானே சொல்கிறேன். குமரியில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அதை வாங்க வேண்டாம். மணவாளக்குறிச்சி, சின்னவிளை, பெரியவிளை பக்கம் கரையில் நடந்தாலே போதும். அலை ஏறி இறங்கிய இடத்தில் குனிந்து பார்த்தால், வெளுத்த மணலுக்கு மேல் கறுப்பு வரி, அதன் ஓரத்தில் கருஞ்சிவப்பு வரி, மை தொட்டு இழுத்த மாதிரி படிந்திருக்கும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். ஒரு பிடி அள்ளினால் கனத்திலேயே வித்தியாசம் தெரியும். சாதாரண மணலைவிட எடை அதிகம்.

காரணமும் அந்த எடைதான். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறை காலங்காலமாகச் சிதைந்து ஆறுகள் வழியாகக் கடலுக்கு வருகிறது. மழைக்கால அலை லேசான மணலை அடித்துக்கொண்டு போய்விடும், கனமான தாதுக்கள் கரையிலேயே தங்கிவிடும். கடலே சலித்துப் பிரித்து வைக்கிறது. மோனசைட் என்கிற, கதிர்வீசும் தோரியம் கலந்த தாதுவும் இதில் உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கரையிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். இப்போது இந்தத் தாதுக்களைப் பிரித்தெடுக்கிற மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை எங்கள் ஊரில் இருக்கிறது. மோனசைட் இருப்பதால் இயற்கையான கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட இங்கே கூடுதல். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் மணலை டப்பாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். தம்பி கரையிலேயே காந்தத்தை வைத்துப் பார்க்கட்டும், கறுப்புத் துகள் சிலது ஒட்டும். பார்த்துவிட்டுத் திரும்பக் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

கருங்கல் டீச்சர்

முட்டத்தில் பாறை மேல் ஏறுவது வேண்டாம் மல்லி. உலர்ந்து வெளுத்திருக்கிற மேல்பாறையில் உட்காரலாம், சரி. கறுத்து, பாசி பிடித்து ஈரமாக இருக்கிற பாறைக்கு அலை வந்து போகிறது என்று அர்த்தம். அங்கே செல்ஃபி எடுக்க நின்றவர்களை அலை தட்டிவிட்டிருக்கிறது. எண்பதுகளில் சினிமாக்காரர்கள் அந்தப் பாறைகளையும் தேவாலயத்தையும் காட்டிக் காட்டி ஊரைப் புகழ்பெற வைத்துவிட்டார்கள், அதே மாதிரி நின்று படமெடுக்க எல்லோருக்கும் ஆசை. மேலே பூங்கா இருக்கிறது. அத்தை அங்கே உட்கார்ந்துகொண்டே பாறையில் அலை மோதுவதையும் அஸ்தமனத்தையும் பார்க்கலாம். படி இறங்க வேண்டியதில்லை. கலங்கரை விளக்கமும் பக்கத்தில்தான். என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தில் மாலைக்கு முட்டத்தை மிஞ்ச ஆளில்லை.

மண்டைக்காட்டில் கோயிலிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். பகவதி அம்மன் அங்கே புற்றாக இருக்கிறாள், 15 அடி உயரப் புற்று. மாசிக் கொடை சமயத்தில் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். மே மாதத்தில் அந்தக் கூட்டம் இருக்காது, அத்தை நிம்மதியாகக் கும்பிடலாம். கடலில் நீராடிவிட்டுக் கும்பிடுவது வழக்கம் என்று யாராவது சொன்னாலும் அவரைக் கரையில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் காலில் ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குக் குளச்சலையும் காட்டுங்கள். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனிப் படையை அந்தக் கரையில்தான் தோற்கடித்தது. வெற்றித்தூண் இருக்கிறது. அப்போது சரணடைந்த டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். நீங்கள் கேட்ட வட்டக்கோட்டையைக் கருங்கல்லில் கட்டிப் பலப்படுத்தியவரும் அவர்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மூன்று இடமும் சேர்ந்து ஒரே கதையாகப் புரியும்.

வடசேரி வாசி

வட்டக்கோட்டை கட்டாயம் போங்கள். குமரியிலிருந்து வடகிழக்கே 7 கிலோமீட்டருக்குள்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற கோட்டை, மதில் சுமார் 25 அடி உயரம். சுவரில் மீன் சின்னம் செதுக்கியிருப்பார்கள், பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மேலே ஏறச் சரிவுப் பாதை உண்டு, அத்தை மெதுவாக ஏறிவிடலாம். மேலே ஏறினால் காற்று தள்ளும், தொப்பி பத்திரம். குளிக்கிற இடம் இல்லை அது.

குமரியிலிருந்து நாகர்கோவில் திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டுக் கோவலம், மணக்குடி வழியாக வாருங்கள். நம் கோவலத்தைச் சொல்கிறேன், கேரளத்துக் கோவலத்தை இல்லை. உப்பளமும் பழையாறு கடலில் சேருகிற பொழிமுகமும் வழியில் வரும். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே அடித்துக்கொண்டு போனது. கீழமணக்குடியிலும் குளச்சல் கொட்டில்பாட்டிலும் போன உயிர்களுக்குக் கணக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது புதுப்பாலம் இருக்கிறது. அதன் மேல் வண்டியை ஓரமாக நிறுத்தி ஆற்றையும் கடலையும் ஒருசேரப் பார்க்கலாம். அலையாத்திச் செடிகளும் தெரியும்.

தூத்தூர்ப் பிள்ளை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மேற்குக் கோடியிலிருந்து ஒருவரும் பேசவில்லையே என்று வந்தேன்.

தேங்காய்ப்பட்டணம் நல்ல இடம், போங்கள். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேருகிற இடம் அது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவே மணல். கரை முழுக்கத் தென்னை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவனந்தபுரத்திலிருந்து குமரி வரை படகு விட வேண்டும் என்று வெட்டத் தொடங்கிய ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயும் அங்கே வந்து சேர்கிறது. பல இடத்தில் தூர்ந்து கிடக்கிறது, பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஆனால் பொழிமுகத்தில் ஒரு அடிகூட இறங்கக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போகிற வேகம் மேலே தெரியாது. துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு எங்கள் ஆட்களின் படகுகளே கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதற்கும் மேற்கே இரையுமன்துறை, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் ஊர்கள். ‘யாரும் போகாத கடற்கரை’ என்று இப்போது வீடியோ போடத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே வீடு வீடாக ஆட்கள் இருக்கிறோம். பல இடத்தில் மணலே மிச்சமில்லை, ஜூன், ஜூலையில் கடல் வீட்டு வாசலுக்கு வருகிறது, கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர்தான் கரை. 2017 நவம்பர் 30இல் ஒகி புயலில் ஆழ்கடலுக்குப் போன ஆட்கள் திரும்பாத வீடுகள் இந்த ஊர்களில் நிறைய. அந்தக் கரையில் வந்து பாட்டு வைத்து, பாட்டில் உடைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? செருப்பில்லாமல் வலை இழுக்கிறவன் காலில்தான் அந்தக் கண்ணாடி ஏறுகிறது. அதனால் எங்கள் ஊர்ப் பெயர்களைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஈத்தாமொழித் தென்னை

பிள்ளை அண்ணன் சொல்கிற பாட்டில் விஷயத்தில் மறுபேச்சே இல்லை. ஆனால் யாரும் வர வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொத்தவிளையிலும் முட்டத்திலும் சுண்டலும் டீயும் விற்று எத்தனை வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். தொழில் இல்லாத மாதங்களில் அந்த வருமானம் பெரிது.

தூத்தூர்ப் பிள்ளை

வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை தங்கச்சி. கடை, கழிப்பறை, உயிர்காக்க ஆள் என்று ஏற்பாடு இருக்கிற கரைக்குப் போகட்டும் என்கிறேன். எங்கள் ஊரில் விருந்தாளியாக வந்தால் மரச்சீனியும் மீன்குழம்பும் வைத்துச் சாப்பாடு போடுவோம். மல்லி அக்கா குடும்பத்துக்கும் அது பொருந்தும். வலையை மிதிக்காமல், காயப்போட்ட கருவாட்டைத் தாண்டாமல், கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஞாயிறு காலை பூசை நேரத்தில் மட்டும் தேவாலயத்தைச் சுற்றி வண்டியை நிறுத்தாதீர்கள்.

குளச்சல்காரன்

மீன் பற்றி யாரும் சொல்லவில்லையே. மே மாதம் வருவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குப் பக்கம், சின்னமுட்டம் துறைமுகத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. மேற்குப் பக்கத் தடை ஜூன் 1இல்தான் தொடங்கும், ஜூலை 31 வரை. அதனால் நீங்கள் வருகிற நேரம் குமரியில் விசைப்படகு மீன் இருக்காது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் வரும். நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்றால் மதியச் சாப்பாட்டை மேற்கே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ‘இன்றைக்கு வந்த மீன் எது?’ என்று கேட்டு அதையே சொல்லுங்கள். நெய்மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அயிலையும் சாளையும் அன்றைக்கு வந்ததாக இருந்தால் அதற்கு மேல் ருசி கிடையாது. சிப்பி கிடைத்தால் அத்தைக்குக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். பாறையில் முங்கி எடுப்பது, தேங்காய் போட்டு வறுத்தால் வீடே மணக்கும்.

மதுரைமல்லி

பிள்ளை அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே நடந்துகொள்வோம் அண்ணா.

இப்படி நினைத்திருக்கிறோம். வருகிற அன்று குமரியில் தங்கி, மறுநாள் உதயம், கண்ணாடிப் பாலம், வட்டக்கோட்டை. சாயங்காலம் மணக்குடி வழியாக நாகர்கோவில். அடுத்த நாள் விடிந்ததும் சங்குத்துறைப் பக்கம் கரமடி பார்க்க, அப்படியே சொத்தவிளை. அங்கே பெரியவர் யாரிடமாவது கேட்டுவிட்டு, முழங்கால் ஆழம். அதற்கடுத்த நாள் மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி மணல், குளச்சலில் சாப்பாடு, மாலையில் முட்டம். தேங்காய்ப்பட்டணத்துக்கு நேரம் இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த முறை. எச்சரிக்கை அறிவிப்பு வந்தால் குளிப்பதை விட்டுவிட்டு உதயகிரிக் கோட்டைக்குப் போய்விடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சரியா இருக்கிறதா?

வடசேரி வாசி

சரியாகத்தான் இருக்கிறது. மே வெயிலில் பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது, அதனால் சொத்தவிளையை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வழியில் நுங்கு கிடைக்கும், மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கருங்கல் டீச்சர்

ஒரே ஒரு விஷயம் மல்லி. அந்தக் கடைசி நாளில் நீங்கள் எழுதியபடி மண்டைக்காட்டையே முதலில் வையுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அப்புறம் அத்தை சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டிவரும்.